செங்கோண முக்கோணத்தில் விடுபட்ட பக்கம்: எந்த வழியை எப்போது தேர்வது?

செங்கோண முக்கோணத்தில் ஒரு பக்கத்தின் நீளம் தெரியாதபோது பிதாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்துவதா, சைன், கொசைன், டேன்ஜெண்ட் விகிதங்களைப் பயன்படுத்துவதா, அல்லது 3, 4, 5 போன்ற எண்களை நினைவிலிருந்து எடுத்துக்கொள்வதா என்ற கேள்வி இரண்டு தரப்பினரிடமிருந்து எனக்கு வருகிறது. ஒரு தரப்பினர் பத்தாம் வகுப்பு மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும். மற்றொரு தரப்பினர் வீட்டுக்குச் சாய்வுத்தளம் அமைப்பவர்கள், கூரைக்குக் கைமரம் அறுப்பவர்கள், மனையில் முளை அடித்து நூல் கட்டுபவர்கள். முதல் தரப்பினருக்கு விடை சரியாக வந்தால் போதும். இரண்டாம் தரப்பினருக்கோ விடையில் நான்கு விரற்கடை குறைந்தால் மரம் வீணாகிவிடும். இரு தரப்பினரும் ஒரே சூத்திரங்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால், எந்தச் சூத்திரம் எந்த இடத்தில் பிழையைப் பெருக்கும் என்பதைப் பெரும்பாலும் யாரும் அவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை. வழிகளை வரிசையாகப் படிப்பதைவிட அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும் என்று நான் நம்புவதற்கு அதுவே காரணம்.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது?

முதல் அளவுகோல், கையில் என்ன தரவு இருக்கிறது என்பது. செங்கோணத்தைத் தவிர இன்னும் இரண்டு விவரங்கள் தேவை, அவற்றுள் ஒன்றாவது நீளமாக இருக்க வேண்டும். கோணங்கள் மூன்றும் தெரிந்தாலும் ஒரு நீளமும் தெரியாவிட்டால், முக்கோணத்தின் வடிவம் தெரியுமே தவிர அளவு தெரியாது. அஞ்சல்தலை அளவிலும் வயல் அளவிலும் அதே வடிவ முக்கோணத்தை வரையலாம்.

இரண்டாவது, தேடுவது கர்ணத்தையா (செங்கோணத்துக்கு எதிரே உள்ள மிக நீளமான பக்கம்), அல்லது செங்கோணத்தைத் தாங்கும் பக்கங்களுள் ஒன்றையா என்பது. இதைப் பலர் கூட்டலா கழித்தலா என்ற அளவிலேயே பார்க்கிறார்கள். அளந்து செய்யும் வேலையில் இதுவே எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி என்பது என் கருத்து, காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

மூன்றாவது, விடை எந்த வடிவில் வேண்டும் என்பது. தேர்வுத்தாளில் 5√2 என்று எழுதுவது சரியான விடை, ஆனால் தச்சருக்கு 7.07 என்று சொன்னால்தான் அவரால் அறுக்க முடியும். நான்காவது, அளவையில் நேரும் சிறு பிழை விடையில் சுருங்குகிறதா பெருகுகிறதா என்பது. ஐந்தாவது, கணிப்பான், கோணமானி, அளவுநாடா ஆகியவற்றுள் எது உடன் இருக்கிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, அந்தக் கோணம் உண்மையிலேயே 90° தானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 3 மீட்டரும் 4 மீட்டரும் கொண்ட இரு பக்கங்களுக்கு இடையே 90° இருந்தால் எதிரே 5 மீட்டர் வரும். அதே இடத்தில் 88° மட்டுமே இருந்தால் ஏறத்தாழ 4.92 மீட்டர்தான் வரும். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த 8 செ.மீ. பிழையை அந்த வழியால் சரிசெய்ய இயலாது.

## வழி 1: பிதாகரஸ் தேற்றம்

இரண்டு பக்கங்கள் தெரிந்து மூன்றாவது வேண்டுமென்றால் நேரான வழி இதுதான். தாங்கும் பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் கர்ணத்தின் வர்க்கம் கிடைக்கும், கர்ணத்தின் வர்க்கத்திலிருந்து ஒரு பக்கத்தின் வர்க்கத்தைக் கழித்தால் மற்றொரு பக்கத்தின் வர்க்கம் கிடைக்கும். கோணம் எதுவும் அளக்க வேண்டியதில்லை. தோராயம் எதுவும் கலக்காத, முற்றிலும் துல்லியமான உறவு இது.

இதில் வெளிப்படையாகத் தெரியும் செலவு வர்க்கமூலம் காண்பது. பொதுத்தேர்வில் கணிப்பான் கிடையாது என்பதால் மாணவர்கள் இதற்கு அஞ்சுகிறார்கள், ஆனால் அஞ்சும் அளவுக்கு அது கடினமானது அன்று. 6, 11 ஆகியவை தாங்கும் பக்கங்கள் என்றால் கர்ணத்தின் வர்க்கம் 157. 12-க்கும் 13-க்கும் இடையில் 12.5 என்று ஊகித்துக்கொண்டு, 157-ஐ 12.5-ஆல் வகுத்தால் 12.56 வரும். 12.5, 12.56 ஆகியவற்றின் சராசரி 12.53. இதை வர்க்கப்படுத்தினால் 157.0009, ஒரே சுற்றில் இரண்டு தசம இடத்துக்கு விடை கிடைத்துவிட்டது. அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த பண்டைக் கணிதர் ஹீரோன் பெயரால் வழங்கும் முறை இது.

கழித்தல் வரும் இடத்தில் இன்னொரு சுருக்கம் இருக்கிறது. இரு வர்க்கங்களைத் தனித்தனியே பெருக்காமல், கர்ணத்துக்கும் பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவற்றின் கூடுதலால் பெருக்கினால் போதும். கர்ணம் 61, ஒரு பக்கம் 60 என்றால் 1 × 121 = 121, ஆகவே மற்றொரு பக்கம் 11. கர்ணம் 65, பக்கம் 63 என்றால் 2 × 128 = 256, மற்றொரு பக்கம் 16. 3721-இலிருந்து 3600-ஐக் கழித்துக்கொண்டிருக்கும் மாணவருக்கு இது இரண்டு நிமிடத்தை மிச்சப்படுத்தும்.

வெளியே தெரியாத செலவு அளவைப் பிழையில் இருக்கிறது. 5 மீட்டர் நீளமுள்ள ஏணி ஒன்று சுவரில் சாய்ந்து நிற்கிறது, அதன் அடி சுவரிலிருந்து 1.4 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று கொள்வோம். ஏணியின் உச்சி 4.8 மீட்டர் உயரத்தில் சுவரைத் தொடும். அடியின் தூரத்தை நாம் தவறாக 1.5 மீட்டர் என்று அளந்துவிட்டால் உயரம் 4.77 மீட்டர் என்று வரும், அதாவது 10 செ.மீ. பிழை விடையில் வெறும் 3 செ.மீ. ஆகச் சுருங்கிவிடுகிறது. இப்போது மறுதிசையில் பார்ப்போம். உயரத்தை அளந்து, அடி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கணக்கிடுகிறோம், 4.8 மீட்டரை 4.9 என்று அளந்துவிட்டோம். 25-இலிருந்து 24.01 போக மீதி 0.99, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 0.995. உண்மையில் 1.4 மீட்டராக இருக்க வேண்டிய தூரம் ஒரு மீட்டருக்கும் கீழே போய்விட்டது. அதே 10 செ.மீ. பிழை இங்கே 40 செ.மீ. ஆகப் பெருகியிருக்கிறது.

இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. கர்ணத்தைக் காணும்போது, தெரிந்த பக்கத்தில் உள்ள சிறு பிழை, அந்தப் பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் வரும் மடங்கில் விடையில் சேர்கிறது. கர்ணமே நீளமான பக்கம் என்பதால் இந்த மடங்கு எப்போதும் ஒன்றைவிடக் குறைவு. தாங்கும் பக்கத்தைக் காணும்போதோ, தெரிந்த பக்கத்தைத் தெரியாத பக்கத்தால் வகுத்தால் வரும் மடங்கில் பிழை சேர்கிறது. தெரியாத பக்கம் மிகக் குட்டையாக இருந்தால் மடங்கு மூன்று, பத்து, இருபது என்று ஏறிக்கொண்டே போகும். ஏணிக் கணக்கில் அது 4.8 ÷ 1.4, ஏறத்தாழ மூன்றரை மடங்கு, பிழை சற்றுப் பெரிது என்பதால் உண்மையில் நான்கு மடங்கானது. கர்ணத்தை அளந்ததில் நேர்ந்த பிழைக்கும் இதே கதிதான், அங்கே மடங்கு கர்ணத்தைத் தெரியாத பக்கத்தால் வகுத்து வருவது.

ஆகவே அளந்து செய்யும் வேலைகளில், குட்டையான பக்கத்தை மற்ற இரு நீளமான பக்கங்களிலிருந்து பிதாகரஸ் வழியாகக் கண்டுபிடிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. எட்டும் இடத்தில் இருந்தால் அதை நேராக அளந்துவிடுவதே மேல். குட்டையான இரு பக்கங்களிலிருந்து கர்ணத்தைக் காண்பதற்கோ இதைவிடப் பாதுகாப்பான வழி வேறில்லை.

## வழி 2: நினைவில் வைத்த மூவெண் தொகுதிகள்

3, 4, 5. 5, 12, 13. 8, 15, 17. 7, 24, 25. 20, 21, 29. 9, 40, 41. 12, 35, 37 ஆகிய, செங்கோண முக்கோணத்தின் பக்கங்களாக அமையும் ஏழு முழு எண் தொகுதிகளையும் அவற்றின் மடங்குகளையும் மனத்தில் வைத்திருக்கும் மாணவர் பாடநூல் கணக்குகளில் கணிசமானவற்றை எழுதாமலே முடித்துவிடுவார். 100-க்குக் குறைவான கர்ணம் கொண்ட, பொதுக்காரணி இல்லாத தொகுதிகள் மொத்தமே 16 தான். பக்கங்கள் 27, 36 என்று கொடுத்தால் ஒன்பதாவது மடங்கில் 3, 4, 5 இருக்கிறது, கர்ணம் 45. பக்கங்கள் 1.5, 3.6 என்று கொடுத்தால் அது 5, 12, 13-இன் 0.3 மடங்கு, கர்ணம் 3.9.

மறைந்துள்ள ஆபத்து, எண்களைப் பார்த்த உடனே முக்கோணத்தைப் பார்க்காமல் விட்டுவிடுவது. 4, 5 ஆகியவை தாங்கும் பக்கங்கள் என்று கொடுத்தால் மூன்றாவது பக்கம் 3 அன்று, √41. கர்ணம் 12, ஒரு பக்கம் 5 என்று கொடுத்தால் மற்றொன்று 13 ஆகவே முடியாது, கர்ணத்தைவிட நீளமான பக்கம் செங்கோண முக்கோணத்தில் இல்லை, விடை √119. நான் பார்த்த தவறான விடைகளில் இவ்வகைத் தவறுகள் நன்றாகப் படிக்கும் மாணவர்களிடம்தான் மிகுதி, ஏனெனில் தொகுதிகளை மனப்பாடமாக வைத்திருப்பவர்களும் அவர்களே.

கட்டட வேலையில் இத்தொகுதிகளின் பயன் வேறு. அங்கே விடுபட்ட பக்கத்தைத் தேடுவதில்லை, மூன்று பக்கங்களையும் அளந்து மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இதிலும் ஒரு தேர்வு உண்டு. 3, 4, 5 என்பதை அடியில் அளப்பதா மீட்டரில் அளப்பதா? குறுக்கு அளவில், அதாவது கர்ணத்தில், 1 செ.மீ. தவறினால், அடியில் அளந்தபோது கோணம் ஏறத்தாழ 0.78° விலகும், மீட்டரில் அளந்தபோது 0.24° தான் விலகும். 12 மீட்டர் நீளச் சுவரின் மறுமுனையில் முதலாவது 16 செ.மீ. விலகலாகவும் இரண்டாவது 5 செ.மீ. விலகலாகவும் தெரியும். மனையில் இடம் இருக்கும் அளவுக்குப் பெரிய முக்கோணமாகப் போட வேண்டும் என்று அனுபவமுள்ள கொத்தனார் வற்புறுத்தினால் அவர் சொல்வதைக் கேட்பது நல்லது.

## வழி 3: முக்கோணவியல் விகிதங்கள்

ஒரு பக்கமும் ஒரு குறுங்கோணமும் தெரிந்திருந்தால் பிதாகரஸால் பயனில்லை, விகிதங்களே வழி. தெரிந்த கோணத்துக்கு எதிரே உள்ள பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் சைன், அடுத்துள்ள பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் கொசைன், எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தால் டேன்ஜெண்ட். தெரிந்த பக்கமும் தேடும் பக்கமும் எந்த விகிதத்தில் ஒன்றாக வருகின்றனவோ அந்த விகிதத்தை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஏற முடியாத உயரங்களுக்கு இதற்கு ஈடான வழி இல்லை. ஒரு மரத்திலிருந்து 20 மீட்டர் தள்ளி நின்று பார்க்கும்போது உச்சியின் ஏற்றக்கோணம் (கண்மட்டத்திலிருந்து மேல்நோக்கிய கோணம்) 35° என்றால், டேன்ஜெண்ட் 35° = 0.7002, ஆகவே கண்மட்டத்துக்கு மேலே 14 மீட்டர். தரையிலிருந்து கண்மட்டம் வரை உள்ள உயரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும், தேர்வில் இதற்காக மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம்.

நீளத்தைவிடக் கோணத்தை அளப்பது எளிது என்ற உண்மையின் மீதுதான் இந்தியத் துணைக்கண்டத்தின் நில அளவையே எழுந்தது. 1802இல் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னையில் பரங்கிமலைக்கு அருகே, மற்ற எல்லாக் கணக்குக்கும் அடிப்படையான ஏறத்தாழ 7.5 மைல் நீள நேர்க்கோடு ஒன்றைச் சங்கிலி கொண்டு வாரக்கணக்கில் பாடுபட்டு அளந்தார். அதன்பின் முக்கோணத்தோடு முக்கோணமாகக் கோணங்களை அளந்தே நாட்டின் தொலைவுகளைக் கணக்கிட முடிந்தது. ஆனால் அதற்காக அவர் சுமந்து திரிந்த கோணமானியின் எடை ஏறத்தாழ அரை டன். நம் கையில் இருப்பதோ பள்ளிப் பெட்டியின் பாகைமானியும் நூலில் கட்டிய கல்லும், அல்லது கைபேசிச் செயலி. விகிதச் சூத்திரத்தின் துல்லியம் கோணக் கருவியின் துல்லியத்தைத் தாண்டாது.

எங்கே நின்று அளக்கிறோம் என்பதும் விடையைப் பாதிக்கிறது. மேற்சொன்ன 14 மீட்டர் உயரத்துக்கு 20 மீட்டர் தள்ளி நின்றால் ஒரு பாகைப் பிழை 53 செ.மீ. வித்தியாசம் தரும். 5 மீட்டரில் நின்றால் கோணம் 70°-க்கு மேல் போய்விடும், அங்கே ஒரு பாகைப் பிழையின் விலை சுமார் 80 செ.மீ. 14 மீட்டரில் நின்று கோணம் 45° ஆக இருக்கும்போது பிழை 50 செ.மீ. என்று மிகக் குறைவாக இருக்கும். இது தற்செயலன்று, டேன்ஜெண்ட் வழியாக உயரம் காணும்போது கோணப் பிழை விடையை மிகக் குறைவாகப் பாதிக்கும் இடம் எப்போதும் 45° தான். ஆகவே இடம் இருந்தால், ஏறத்தாழ உயரத்தின் அளவுக்கே தள்ளி நின்று அளக்க வேண்டும்.

கணிப்பானைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு செலவு சத்தமில்லாமல் காத்திருக்கிறது. கணிப்பான் ரேடியன் நிலையில் (பாகைக்குப் பதில் வேறோர் அலகில் கோணத்தை எடுத்துக்கொள்ளும் நிலை) இருந்தால் ஒவ்வொரு விடையும் தவறாக வரும், எச்சரிக்கை எதுவும் வராது. கணக்கைத் தொடங்கும் முன் சைன் 30 என்று தட்டிப் பார்க்க வேண்டும். 0.5 வந்தால் பாகை நிலையில் இருக்கிறது, −0.988 வந்தால் ரேடியன் நிலையில் இருக்கிறது.

இரண்டு பக்கங்கள் தெரிந்திருக்கும்போதே, அவற்றிலிருந்து முதலில் கோணத்தைக் கண்டு, பிறகு அந்தக் கோணத்திலிருந்து மூன்றாம் பக்கத்தைக் காண்பவர்களும் உண்டு. இது வீண் சுற்று. இடையில் கோணத்தை முழு எண்ணாக்கும்போது துல்லியம் போய்விடுகிறது. கோணமும் தனியாகக் கேட்கப்பட்டிருந்தாலொழிய இதைச் செய்ய வேண்டாம்.

## வழி 4: 45°-யும் 30°-60°-யும்

கோணம் இவற்றுள் ஒன்றாக இருந்தால் அட்டவணையே தேவையில்லை. 45° முக்கோணத்தில் பக்கங்களின் விகிதம் 1 : 1 : √2. 30°-60° முக்கோணத்தில் 1 : √3 : 2. விடை மூலக்குறியோடு துல்லியமாக வருவதால் தேர்வுக்கு மிக ஏற்றது. தசம எண் வேண்டுமென்றால் √2-க்கு 1.414, √3-க்கு 1.732.

√2-இன் மதிப்பு கணிப்பானுக்குக் காத்திருந்ததில்லை. போதாயனரின் சுல்ப சூத்திரம் என்னும் பழைய வடமொழி நூலில் காணும் கூட்டலின்படி 1 + 1/3 + 1/12 − 1/408, அதாவது 577/408, ஐந்து தசம இடங்கள் வரை சரியாக இருக்கிறது. வேள்விக் குண்டங்களைச் சதுரமாகவும் குறிப்பிட்ட பரப்பளவிலும் அமைக்கக் கயிறு பிடித்து அளந்தவர்களுக்கு அந்த மூலைவிட்டம் தேவைப்பட்டது.

ஒரே எச்சரிக்கை, படத்தில் 45° போலத் தெரிவதெல்லாம் 45° அன்று. கேள்வியில் கோணம் எழுதப்பட்டிருக்க வேண்டும், அல்லது இரு பக்கங்கள் சமம் என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

## வழி 5: வடிவொத்த முக்கோணங்கள்

கோணங்கள் சமமான இரு முக்கோணங்களில் பக்கங்களின் விகிதமும் சமம். ஆகவே கோணமானி இல்லாதவருக்கு வெயில் இருந்தால் போதும். ஒரு மீட்டர் கோலை நிலத்தில் செங்குத்தாக நட்டு, அதன் நிழல் 0.8 மீட்டர் என்றும், அதே நேரத்தில் மரத்தின் நிழல் 6.4 மீட்டர் என்றும் அளந்தால், மரத்தின் உயரம் 8 மீட்டர். கோணத்தின் பெயரையே சொல்லாமல் கோணத்தைப் பயன்படுத்தும் வழி இது.

இதன் மறைந்துள்ள செலவுகள் மூன்று. தரை சமமாக இருக்க வேண்டும். இரு நிழல்களையும் உடனுக்குடன் அளக்க வேண்டும், ஏனெனில் சூரியன் நகர்ந்துகொண்டே இருக்கிறது. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை: சூரியன் ஒரு புள்ளியன்று, வானத்தில் ஏறத்தாழ அரைப் பாகை அகலமுள்ள வட்டம். ஆகவே உச்சியிலிருந்து நிழல் முனை 10 மீட்டர் தொலைவில் விழுந்தால், அந்த முனை 9 செ.மீ. அளவுக்குக் கலங்கலாகவே இருக்கும், தரையில் சாய்வாக விழும்போது இன்னும் பரவும். கலங்கலின் நடுவை எடுத்துக்கொள்வதே சரி.

தேர்வுத்தாளில் வடிவொப்புமை வேறு வேடத்தில் வரும். செங்கோண உச்சியிலிருந்து கர்ணத்துக்கு ஒரு செங்குத்து வரைந்து, அது கர்ணத்தை 4, 9 என்று பிரிக்கிறது என்பார்கள். அந்தச் செங்குத்தின் வர்க்கம் 4 × 9 = 36, ஆகவே நீளம் 6. 4-ஐ ஒட்டிய பக்கத்தின் வர்க்கம் 4 × 13 = 52. இங்கே பிதாகரஸை மட்டும் பிடித்துக்கொண்டால் தெரியாத எண்கள் மூன்றும் சமன்பாடுகள் மூன்றும் சேர்ந்து ஒரு பக்கம் நிரம்பிவிடும். படத்தில் செங்குத்து இருந்தால் வடிவொப்புமையை முதலில் நினைக்க வேண்டும்.

## வழி 6: வர்க்கமூலம் தேவைப்படாத 'எட்டில் ஏழு' விதி

தமிழ் வாசகர்களிடையே, பிதாகரஸ் தேற்றத்துக்கே மாற்று என்ற பெருமிதத்தோடு அடிக்கடி பகிரப்படும் விதி இது. தாங்கும் பக்கங்களில் நீளமானதை எட்டாகப் பிரித்து ஒரு பங்கை நீக்கிவிட்டு, மீதியோடு குட்டையான பக்கத்தின் பாதியைக் கூட்டினால் கர்ணம் வரும் என்பது அதன் சாரம். 4, 3 என்றால் 3.5 + 1.5 = 5. 12, 5 என்றால் 10.5 + 2.5 = 13. இவ்விரண்டையும் பார்த்தவர்கள் விதி எப்போதும் பொருந்தும் என்று நம்பிவிடுகிறார்கள்.

இதை முழுமையாகச் சோதித்துப் பார்ப்பது கடினமன்று. குட்டைப் பக்கத்துக்கும் நீளப் பக்கத்துக்கும் உள்ள விகிதத்தை மாறியாக வைத்து, விதி தரும் கர்ணத்தையும் உண்மைக் கர்ணத்தையும் சமப்படுத்தினால் ஓர் இருபடிச் சமன்பாடு கிடைக்கிறது. அதற்கு இரண்டே தீர்வுகள்: 3/4, 5/12. அதாவது, எடுத்துக்காட்டாகக் காட்டப்படும் அந்த இரண்டு முக்கோணங்களிலும் அவற்றின் மடங்குகளிலும் மட்டுமே விதி துல்லியமாக இருக்கிறது, வேறெங்கும் துல்லியமாக இருக்கவே முடியாது.

அதனால் விதி பயனற்றது என்று நான் சொல்லவில்லை. அந்த இரு விகிதங்களுக்கு இடையே அது உண்மையைவிடச் சற்றே மிகுதியாகக் காட்டும், மிஞ்சிப் போனாலும் 0.8 சதவீதத்தைத் தாண்டாது. 15, 8 என்றால் 17-க்குப் பதில் 17.125. மனத்தில் செய்யும் மதிப்பீட்டுக்கு இது மிக அழகான விதி, இதைக் கண்டவர் யாராயினும் பெருக்கலையும் மூலத்தையும் தவிர்ப்பதற்கு நுட்பமாகச் சிந்தித்திருக்கிறார். இரு பக்கங்களும் சமம் என்றால் 2.8 சதவீதம் குறைவாகக் காட்டும். முக்கோணம் தட்டையாக ஆக ஆகப் பிழை பெருகும், குட்டைப் பக்கம் நீளப் பக்கத்தில் பத்தில் ஒரு பங்கு என்றால் 8 சதவீதம் குறைந்துவிடும்.

இதைத் திருப்பிப் போட்டுத் தாங்கும் பக்கத்தைக் காண முயலவே கூடாது. கர்ணம் 25, நீளப் பக்கம் 24 என்றால் விதிப்படி 25 − 21 = 4, அதன் இரு மடங்கு 8. உண்மை விடை 7. தேர்வில் இதை எழுதினால் மதிப்பெண் கிடைக்காது, மரம் அறுக்கும் முன் இதை மட்டும் நம்பினால் மரம் கிடைக்காது.

## வழி 7: அளவுக்கேற்ப வரைந்து அளப்பது

ஒரு மீட்டருக்கு 2 செ.மீ. என்று வைத்துத் தாளில் வரைந்து அளவுகோலால் அளக்கலாம். தாளில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் களத்தில் 5 செ.மீ. தவறும். வேறு வழியில் கண்ட விடை நம்பத்தக்கதா என்று சரிபார்ப்பதற்கு இது போதும். அதற்குமேல் இதை நம்ப வேண்டியதில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | தேவையான தரவு | விடையின் தன்மை | மறைந்துள்ள செலவு | எங்கே ஏற்றது |
|---|---|---|---|---|
| பிதாகரஸ் தேற்றம் | இரண்டு பக்கங்கள் | துல்லியம் | குட்டைப் பக்கம் காணும்போது பிழை பெருகும் | கர்ணம் காண. எல்லாத் தேர்வுகளிலும் |
| மூவெண் தொகுதி | இரண்டு பக்கங்கள் | துல்லியம் | எது கர்ணம் என்று பாராமல் எழுதிவிடுவது | முழு எண் கணக்குகள். மூலை சரிபார்க்க |
| விகிதங்கள் | ஒரு பக்கம், ஒரு கோணம் | கோணக் கருவியைப் பொறுத்தது | ரேடியன் நிலை. தவறான இடத்தில் நிற்பது | எட்டாத உயரம், கடக்க முடியாத தூரம் |
| சிறப்புக் கோணங்கள் | ஒரு பக்கம். 30°, 45° அல்லது 60° | துல்லியம் | படத்தை நம்பிக் கோணத்தை ஊகிப்பது | தேர்வு |
| வடிவொப்புமை | ஒத்த முக்கோணம் ஒன்று | அளவையைப் பொறுத்தது | சமமற்ற தரை, கலங்கிய நிழல் | கருவி இல்லாத இடம். செங்குத்து வரைந்த படம் |
| எட்டில் ஏழு விதி | தாங்கும் இரு பக்கங்கள் | தோராயம் | தட்டையான முக்கோணத்தில் பெரும் பிழை | 5/12 முதல் 3/4 வரையிலான விகிதங்கள், மன மதிப்பீடு |
| வரைந்து அளப்பது | ஏதேனும் இரண்டு விவரங்கள் | தோராயம் | பென்சில் கோட்டின் தடிமன்கூடக் கணக்கில் வரும் | சரிபார்ப்பு |

## ஒரு சாய்வுத்தளத்தில் எல்லா வழிகளும்

அட்டவணையில் அடங்காத வேறுபாடு ஓர் உண்மையான வேலையில் தெரியும். தரையிலிருந்து வாசற்படியின் உயரம் 45 செ.மீ. சக்கர நாற்காலிக்குரிய சாய்வுத்தளத்துக்கு வழக்கமாகப் பின்பற்றப்படும் சரிவு 1-க்கு 12. ஆகவே தரையில் ஓடும் நீளம் 5.4 மீட்டர். சாய்ந்த பரப்பின் நீளம் எவ்வளவு?

பிதாகரஸ்: 29.16 + 0.2025 = 29.3625, இதன் வர்க்கமூலம் 5.4187 மீட்டர். 1, 12 என்ற பக்கங்களுக்கு மூவெண் தொகுதி எதுவும் பொருந்தாது. எட்டில் ஏழு விதி 4.725 + 0.225 = 4.95 மீட்டர் என்று சொல்கிறது, ஏறக்குறைய 47 செ.மீ. குறைவு, அதுவும் கர்ணம் தரையில் ஓடும் பக்கத்தைவிடக் குட்டையாக வருகிறது. இவ்வளவு தட்டையான முக்கோணத்துக்கு வேறொரு தோராயம் இருக்கிறது: குட்டைப் பக்கத்தின் வர்க்கத்தை நீளப் பக்கத்தின் இரு மடங்கால் வகுத்து, நீளப் பக்கத்தோடு கூட்டுவது. 0.2025-ஐ 10.8-ஆல் வகுத்தால் 0.01875, ஆகவே 5.41875 மீட்டர். உண்மை விடையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட விலகவில்லை, மூலமும் காண வேண்டியிருக்கவில்லை.

விகிதங்களின் பக்கம் போனால், சரிவின் உண்மைக் கோணம் 4.76°. பாகைமானியில் அதை 5° என்றுதான் படிக்க முடியும். தரை நீளத்தைக் கொசைன் 5°-ஆல் வகுத்தால் 5.4206 மீட்டர், 2 மில்லிமீட்டர்தான் தவறுகிறது. அதே கோணத்தை வைத்து வாசல் உயரத்தைச் சைன் 5°-ஆல் வகுத்தால் 5.163 மீட்டர் வரும், ஏறத்தாழ 26 செ.மீ. தவறுகிறது. கோணம் ஒன்றே, பிழையும் ஒன்றே, எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினோம் என்பது மட்டும்தான் வேறு.

இந்த வேலைக்கு நான் தேர்ந்தெடுப்பது பிதாகரஸ் தேற்றத்தையே. உயரத்தையும் தரை நீளத்தையும் அளவுநாடாவால் அளந்து 5.42 மீட்டர் என்று குறித்துக்கொள்வேன், தட்டையான முக்கோணத்துக்கான அந்தத் தோராயத்தை மனத்தில் போட்டு அதைச் சரிபார்ப்பேன், பாகைமானியைப் பையிலேயே விட்டுவிடுவேன். ஆனால் தளம் ஏற்கெனவே கட்டப்பட்டிருந்து, சாய்ந்த நீளத்தையும் தரை நீளத்தையும் கொடுத்து வாசல் உயரத்தைக் கணக்கிடச் சொன்னால் மறுத்துவிடுவேன். அங்கே ஒரு செ.மீ. அளவைப் பிழை பன்னிரண்டு மடங்காகப் பெருகும். வாசற்படியில் அளவுநாடாவைச் செங்குத்தாகப் பிடித்தால் உயரம் அங்கேயே தெரிந்துவிடும்.